காலேஜ்ல 'பாஸ் அவுட்' ஆனீங்களா, மயங்கி விழுந்தீங்களா?

'ஐ பாஸ்டு அவுட் இன் 2023.' இன்டர்வியூவில் 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னு கேட்டதும் நம்மில் பலரும் எடுத்துவிடுற வரி இது. கேட்கிறவர் கோயம்புத்தூர்க்காரர்னா பிரச்னையே இல்லை. அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் வந்தவர்னா, அவர் காதில் விழுறது வேற: 'நான் 2023-ல மயங்கி விழுந்தேன்!'

'பாஸ்'னா தேர்ச்சி என்பது சரிதான். 'ஐ பாஸ்டு தி எக்ஸாம்'னு தாராளமா சொல்லலாம். ஆனா பக்கத்தில் 'அவுட்' வந்து உட்கார்ந்ததும் அர்த்தம் மாறிடும். காலையில் சாப்பிடாம வெயிலில் நின்ன பொண்ணு சுருண்டு விழுந்தா, 'ஷி பாஸ்டு அவுட் இன் தி ஹீட்.' ஓவரா குடிச்சுட்டு சோபாவில் நினைவில்லாம கிடக்கிறவருக்கும் இதே வார்த்தைதான். இப்போ 'பாஸ்டு அவுட் ஃப்ரம் காலேஜ்'னு சொல்லிப் பாருங்க, படம் எப்படி ஓடுதுன்னு!

அப்போ நாம சொல்றது தப்பா? அப்படிச் சொல்லிட முடியாது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவப் பயிற்சியை முடிச்சு வெளியேறுவதும் 'பாஸ் அவுட்'தான். சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கிற 'பாஸிங் அவுட் பரேடு' அந்த வகை. நம்மூர் வேலை விளம்பரத்திலேயே '2024 பாஸ் அவுட்ஸ்'னுதான் போடுறாங்க. இங்கே எல்லாருக்கும் புரியுது, விட்டுடலாம்.

ஆனா ரெஸ்யூமே கடல் தாண்டுதுன்னா, 'ஐ கிராஜுவேட்டட் இன் 2023'னு எழுதிடுங்க. காலேஜ் பேரைச் சேர்த்தா, முன்னாடி 'ஃப்ரம்' கட்டாயம். பிளஸ் டூவுக்கு 'ஐ ஃபினிஷ்டு ஸ்கூல் இன் 2020' போதும். பள்ளிப் படிப்புக்கும் 'கிராஜுவேட்' போடுறது அமெரிக்க வழக்கம்.

இன்னொரு அர்த்தமும் இருக்கு: விநியோகிப்பது. 'பாஸ் அவுட் தி புக்ஸ்'னா புத்தகங்களை எல்லாருக்கும் கொடுங்கன்னு அர்த்தம். 'புக்ஸ்'க்குப் பதிலா 'தெம்' போட்டா, அது நடுவில்தான் வரணும்: 'பாஸ் தெம் அவுட்'. 'பாஸ் அவுட் தெம்' கிடையாது. குழப்பமா இருந்தா 'கிவ் தெம் அவுட்'னு சொல்லிட்டுப் போயிடலாம்.

லீவு மெயிலில் மட்டும் கூடுதல் கவனம். இறந்துட்டார்னு சொல்ல 'பாஸ்டு அவே'தான். தாத்தா இறந்த அவசரத்தில் 'மை கிராண்ட்ஃபாதர் பாஸ்டு அவுட்'னு அனுப்பினா, 'இப்போ கண் முழிச்சுட்டாரா?'ன்னு மேனேஜர் பதில் போடுவார்.