ஒற்றையும் இரட்டையும்: கிரேக்கக் கணிதத்தில் நிறுவலின் தொடக்கம்

அடுத்தடுத்து வரும் இரு முழுவெண்களுள் ஒன்று ஒற்றையாகவும் மற்றையது இரட்டையாகவும் அமையும் என்பதை எண்ணக் கற்ற சிறுவரும் அறிவர். இத்துணை எளியதோர் உண்மைக்கு வரலாறும் உண்டோ என வினவுதல் இயல்பே. ஆயின், எண்ணிப் பார்த்து அறிதல் என்னும் நிலையிலிருந்து நிறுவி அறிதல் என்னும் நிலைக்குக் கிரேக்கக் கணிதம் கடந்து சென்ற பாதையில், ஒற்றை இரட்டை என்னும் இவ்வேறுபாடு முதற்படிகளுள் ஒன்றாக விளங்கியமை நோக்கற்பாலது.

கி.மு. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் இத்தாலியின் குரோட்டன் நகரில் பைதகரஸ் நிறுவிய குழுவினர், எண்களைக் கூழாங்கற்களாற் குறித்து ஆராய்ந்தனர் என்பது மரபு. ஒரு கல்லை வைத்து, அதனைச் சூழத் தச்சரின் மூலைமட்டம் போன்ற வடிவில் மூன்று கற்களை அடுக்கினால் நான்கு கற்கள் கொண்ட சதுரம் பிறக்கும். அடுத்து ஐந்து கற்களைச் சூழ வைத்தால் ஒன்பது. பின் ஏழினை வைத்தால் பதினாறு. ஒன்றிலிருந்து தொடரும் ஒற்றையெண்களின் கூட்டுத்தொகை எப்பொழுதும் சதுர எண்ணே என்பது இவ்வாறு கண்முன் தோன்றிற்று. இரண்டில் தொடங்கி இரட்டையெண்களை அடுக்கினாலோ 2, 6, 12, 20 எனப் பக்கங்கள் ஒன்றால் வேறுபடும் செவ்வகங்களே கிடைக்கும். முன்னையதில் வடிவம் மாறாது. பின்னையதில் பக்கங்களின் விகிதம் ஒவ்வோர் அடுக்கிலும் மாறும். அரிஸ்டோட்டில் தரும் பைதகரியரின் பத்து எதிர்மைகளுள் எல்லையுடைமை ஒற்றையோடும் எல்லையின்மை இரட்டையோடும் ஒரே நிரலில் நிற்பதற்கு இதனையே காரணமாகப் பலர் கொள்வர்.

எனினும் அடுக்கிக் காட்டுதல் வேறு, நிறுவுதல் வேறு. இவ்வேறுபாட்டை யூக்கிளிட் கி.மு. 300 அளவில் தொகுத்த 'மூலகங்கள்' தெளிவுறுத்துகின்றது. அதன் ஒன்பதாம் நூலில் 20ஆம் தேற்றம் முதன்மையெண்கள் முடிவிலாதவை என நிறுவும் அரியதொரு சாதனையாகும். அதனை அடுத்து 21ஆம் தேற்றம் இரட்டையெண்களைக் கூட்டினால் இரட்டையெண்ணே வரும் என்று கூறுகின்றது! மலையுச்சியிலிருந்து திடீரெனச் சமதரைக்கு இறங்கியது போன்ற இவ்வமைப்பு வியப்பூட்டுவதாகும். ஜெர்மானிய அறிஞர் ஒஸ்கார் பெக்கர் 1936இல் இதற்கு விளக்கம் கண்டார். 21 முதல் 34 வரையுள்ள தேற்றங்கள் தமக்குள்ளேயே முழுமை பெற்ற ஒரு பழைய கோவை என்றும், யூக்கிளிட்டுக்கு நெடுங்காலம் முன்னரே உருவான அதனை அவர் தம் நூலிற் சேர்த்துக்கொண்டார் என்றும் பெக்கர் வாதிட்டார்.

அக்கோவையின் 22ஆம் தேற்றம் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. இரட்டை எண்ணிக்கையிலான ஒற்றையெண்களின் கூட்டுத்தொகை இரட்டை என்பது அதன் பொருள். 3உம் 5உம் 8 ஆகும், 7உம் 9உம் 16 ஆகும் என எடுத்துக்காட்டுகளை அடுக்குவதால் இது நிறுவப்படுவதில்லை. ஒவ்வோர் ஒற்றையெண்ணிலிருந்தும் ஒன்றை நீக்கினால் எஞ்சுபவை யாவும் இரட்டை. நீக்கிய ஒன்றுகளும் தொகையில் இரட்டை. ஆகவே முழுத்தொகையும் இரட்டை. இவ்வாதம் எந்தக் குறிப்பிட்ட எண்ணையும் சார்ந்து நிற்கவில்லை. எண்ணப்படாத எண்களுக்கும் அது பொருந்தும். கூழாங்கல் இங்கே கருத்தாகிவிட்டது.

இக்கருவியின் வலிமை சதுரத்தின் மூலைவிட்டம் பற்றிய நிறுவலில் வெளிப்பட்டது. பக்கமும் மூலைவிட்டமும் இரு முழுவெண்களின் விகிதத்தில் அமையும் எனவும், அவ்வெண்கள் பொதுக்காரணியற்றவை எனவும் கொள்வோம். மூலைவிட்டத்தின் வர்க்கம் பக்கத்தின் வர்க்கத்தைப் போல் இருமடங்காதலின் மூலைவிட்டத்தின் எண் இரட்டை. பொதுக்காரணி இன்மையாற் பக்கத்தின் எண் ஒற்றையாதல் வேண்டும். ஆயின் இரட்டையெண்ணின் வர்க்கம் நான்கால் வகுபடும். அதன் பாதியாகிய பக்கத்தின் வர்க்கமும் இரட்டையாகும். எனவே பக்கத்தின் எண்ணும் இரட்டை. ஒரே எண் ஒற்றையாகவும் இரட்டையாகவும் இருத்தல் இயலாது. ஆகவே அத்தகைய விகிதம் இல்லை. இந்நிறுவலை அரிஸ்டோட்டில் தமது தருக்க நூலில் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டாகச் சுட்டிச் செல்கின்றார். எத்துணை நுண்ணிய அளவுகோலும் இம்முடிவைத் தரமாட்டாது. அனைத்தும் எண்ணே என்ற கொள்கையை, எண் பற்றிய மிக எளிய அறிவே எல்லைப்படுத்திற்று.

இக்கண்டுபிடிப்பை வெளியிட்ட ஹிப்பாசஸ் கடலில் மாண்டான் என்னும் கதை பலராலும் எடுத்துரைக்கப்படுகின்றது. ஆயின் அதற்குரிய சான்றுகள் காலத்தாற் பிந்தியவை. அவற்றுள் முதன்மையான இயம்பிளிக்கஸ் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். அவரும் ஓரிடத்தில் ஹிப்பாசஸ் மாண்டமைக்குப் பன்னிரு முகத் திண்மம் பற்றிய செய்தியையே காரணமாகக் கூறுகின்றார். இதனினும் உறுதியானது பிளேட்டோவின் 'தியேத்தீற்றஸ்' தரும் குறிப்பு. கி.மு. 399இல் நிகழ்வதாக அமைந்த அவ்வுரையாடலில், தியோடோரஸ் மூன்று சதுர அடிப் பரப்புடைய சதுரத்திலிருந்து பதினேழு வரை ஆராய்ந்ததாகக் கூறப்படுகின்றது. இரண்டை விடுத்து மூன்றில் தொடங்கியமையால், இரண்டின் நிலை அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது என ஊகித்தல் பொருந்தும்.

பெக்கரின் முடிபும் நூலின் அமைப்பிலிருந்து பெறப்பட்ட அனுமானமே. சமகால ஆவணத்தாற் பெறப்பட்டதன்று. கதைக்கும் அனுமானத்துக்கும் இடையே வரலாற்றாசிரியன் கொள்ளவேண்டிய வேறுபாடு, எடுத்துக்காட்டுக்கும் நிறுவலுக்கும் இடையே கணிதன் கொண்ட வேறுபாட்டையே ஒத்தது. யாவரும் அறிந்ததென விடப்படும் ஒன்றை 'ஏன்' என வினவத் துணிந்தமையே கிரேக்கர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் எனலாம்.