எருமை காத்தவனும் அவன் நாயும்

கல்வெட்டுன்னாலே ராஜா, கோயில், நிலதானம்னுதான் நமக்கு ஞாபகம் வரும். எருமை வளர்த்த ஒருத்தனுக்கும் அவன் நாய்க்கும்கூட ஒரு கல் இருக்கு.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல் அது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவன் பேர் கருந்தேவகத்தி. கல்லில் அவன் பக்கத்திலேயே நாயும் நிற்கிறது. அதன் பேர் கோவிவன். அது இரண்டு கள்ளன்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்ற கதையை வட்டெழுத்தில் தனியே பொறித்திருக்கிறார்கள்.

கனடாவின் வடக்கே இனுயிட் சிற்பிகள் கடல்நாய் வேட்டையை இன்றைக்கும் மாக்கல் போன்ற கற்களில் செதுக்குகிறார்கள். 1949இல் மாண்ட்ரியலில் விற்பனைக்கு வைத்தபிறகு வெளியுலகம் அதைக் கொண்டாடியது. அங்கே வாங்கிப் போக ஆள் உண்டு. எடுத்தனூர்க் கல் விற்க வைத்ததில்லை, செத்தவனை ஊர் மறக்காமலிருக்க நட்டது.

தேங்காய்ப்பட்டணத்துல எங்க தொழுவத்துலயும் ராத்திரி களவு வந்தா, ஆளுக்கு முந்தி எழும்புறது நாய்தான். அந்தக் கல்லை நட்டவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கு. அதான் நாயோட பேரையும் விடாம எழுதி வச்சிருக்காங்க.