மூன்று முறை ஒடிந்த ஃபோர்க்

பேரன் புதிதாக ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறான். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெரு அமைதியானது. அவன் திண்ணை மேல் சைக்கிளை ஏற்றி அங்கிருந்து தெருவில் குதித்துக் காட்டுகிறான். "ஒண்ணும் ஆகாது தாத்தா, இது மலையில ஓட்டுற சைக்கிள்" என்றான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு பிரெஞ்சுக்காரரின் ஃபோர்க்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வாத்தியார் 'தித்தே', அதாவது சொல்வதை எழுதுதல், கொடுக்கும்போது சைக்கிள் பந்தயக் கதைகளைத்தான் எடுப்பார். அதில் ஒன்று எழேன் கிறிஸ்தோஃப் கதை. 1913 ஜூலை, தூர் தெ பிரான்ஸ் பந்தயம். பிரனே மலையில் தூர்மலே கணவாயைக் கடந்து இறங்கும்போது அவருடைய முன் ஃபோர்க் ஒடிந்துவிட்டது. அந்த வருடம் அவர் ஜெயிக்கக்கூடியவர். வேறு சைக்கிள் வாங்கக்கூடாது, யாரும் உதவக்கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மலையடியில் சேந்த் மரி தெ காம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்தார். பூட்டுத் தொழில் கற்றவர் என்பதால் தானே இரும்பைக் காய்ச்சி ஃபோர்க்கைச் சரிசெய்தார். மணிக்கணக்கில் ஆனது. பந்தய அதிகாரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்று தண்டனை நேரம் வேறு போட்டார்கள்! நான் அலுவலகத்தில் பார்த்த தணிக்கைக் குறிப்புகளெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

1919இல் வேறொரு சைக்கிள். முதல் மஞ்சள் பனியனை அணிந்தவர் என்ற பெருமையோடு முன்னணியில் இருந்தார். பந்தயத்தின் கடைசிக்கு முந்தைய கட்டத்தில் மறுபடி ஃபோர்க் ஒடிந்தது. 1922இல் ஆல்ப்ஸ் மலையில் மூன்றாவது முறை. கடைசிவரை அவர் அந்தப் பந்தயத்தை ஜெயிக்கவே இல்லை.

மூன்று முறையும் ஏன் ஃபோர்க்? கல் ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலும் முதலில் இறங்குவது முன் சக்கரத்தில். அது போய்ச் சேருவது ஃபோர்க்கின் தலைப்பகுதியில். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு தடவையில் ஒடியாது, ஐம்பதாவது தடவையில் 'டக்'கென்று போகும். உள்ளே மயிரிழை போல் விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். இரும்பு கொஞ்சம் வளைந்து எச்சரிப்பது உண்டு. இப்போது வருகிற அலுமினியம் பெரும்பாலும் அந்த மரியாதையும் காட்டாது.

எடை தாங்குவது வேறு, அடி தாங்குவது வேறு. இதை எனக்குப் புரியவைத்தவர் என் பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் 'சொல்தா'வாக இந்தோசீனாவில் இருந்தவர். 1954 மே 7ஆம் தேதி தியென் பியென் ஃபூ விழுந்தது. அதே வருடம் நவம்பர் முதல் தேதி புதுச்சேரி இந்தியாவோடு வந்தது. அந்த முற்றுகைக்கு வியட்நாம்காரர்கள் அரிசியும் குண்டுகளும் கொண்டுபோனது சுமார் 20,000 சைக்கிள்களில். பெஜோ போன்ற பிரெஞ்சு சைக்கிள்களும் அவற்றில் உண்டு. "எங்க சைக்கிளை வச்சே எங்களை அடிச்சான்" என்பார் பெரியப்பா. ஒரு சைக்கிளில் 200 கிலோ, சிலர் 300க்கும் மேல். ஆனால் யாரும் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டிலில் மூங்கிலைக் கட்டி நீட்டி, சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கழியை நட்டு, தள்ளிக்கொண்டே நடந்தார்கள்.

நம் ஊரில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் செய்ததும் அதுதான். நிரப்பிய சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. நான்கு மாட்டினால் 120. பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளுவார். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் வண்டியைத்தான் அதற்குத் தேடுவார்கள். பின் சக்கரத்தில் 40 கம்பி, முன்னால் 32. சுமை பின்னால் என்று கணக்குப் போட்டு வைத்தது.

பொன்னேரியில் நான் வேலை பார்த்தபோது, வாடிக்கையாக மீன் கொண்டுவருபவர் ஒருவர் இருந்தார். ஐஸோடு இரண்டு கூடை. ஃபோர்க்கில் கீறல் கண்டு ஒரு கடையில் வெல்டிங் வைத்துக்கொண்டார். நான்தான் "புதுசு வேண்டாம்யா, இதே போதும், காசு மிச்சம்" என்றேன். அடுத்த மாதம் ரயில்வே கேட் அருகே, வெல்டிங் வைத்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி ஒடிந்தது. முன்பற்கள் போயின. அதன்பின் வெகுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. வந்தபோது நானும் மீன் விலை பேசவில்லை.

பேரனிடம் இதைச் சொல்லிவிட்டு, சைக்கிளோடு வந்த கையேட்டை எடுக்கச் சொன்னேன். பொடி எழுத்து, பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். அமெரிக்கத் தரப்படி சைக்கிள்களை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை தார் ரோட்டுக்கு மட்டும். இரண்டாவது 15 சென்டிமீட்டர் வரை இறங்கலாம். மூன்றாவது 61. நான்காவது 122. அதற்கு மேல் ஐந்தாவது. அவனுடையது மூன்றாவது. டேப் எடுத்து வந்து திண்ணையை அளந்தோம். 74.

முகம் சுருங்கிவிட்டது பையனுக்கு. இப்போது கீழ்ப்படியிலிருந்துதான் குதிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோர்க்கை ஈரத்துணியால் துடைத்து, விரல்நுனியால் தடவிப் பார்ப்பது என் வேலை.