அம்ரிதா ஷெர்கில் (1913–1941)

இந்திய நவீன ஓவியத்தின் முன்னோடி. 1913 ஜனவரி 30 அன்று புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபின் மஜீதியா சீக்கியக் குடும்பத்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர், ஒளிப்படம் எடுப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். தாய் மேரி அந்துவானெத் ஹங்கேரியப் பாடகி. 1921இல் குடும்பம் சிம்லாவுக்குக் குடிவந்தது.

1929இல் பாரிஸ் சென்று ஓவியர் லூசியன் சிமோனிடம் பயின்றார். ‘இளம்பெண்கள்’ என்ற ஓவியம் 1933இல் பாரிஸ் சலோனில் தங்கப் பதக்கம் பெற்றது. அங்கேயே நிலைத்திருக்கலாம். ஆனால் 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். மறு ஆண்டு வரைந்த ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தில் மூவரும் நெருங்கி அமர்ந்திருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்வை தாழ்ந்திருக்கிறது, கைகள் செயலற்றுக் கிடக்கின்றன.

அவரது பாணியை முற்றாக மாற்றியது 1936-37 தென்னகப் பயணம். வழியில் அஜந்தாவைக் கண்டார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள் அவரைப் பிடித்து நிறுத்தின. கன்னியாகுமரி வரை சென்றார். 1937இல் ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்றும் உருவாயின. வேட்டி கட்டி, திறந்த மார்போடு அமர்ந்திருக்கும் ஐந்து பிரம்மச்சாரிகளில் பாரிஸ் வகுப்பறையின் உடற்கூறு நுணுக்கம் பின்வாங்கி, சுவரோவியத்தின் தட்டையான வண்ணப் பரப்பு முன்வருகிறது. ஷெர்கில்லின் உச்சம் இந்த மூன்றுதான் என்பேன்.

பாராட்டு இருந்த அளவுக்கு விற்பனை இல்லை. ஹைதராபாத்தின் கலைச் சேகரிப்பாளர் சலார் ஜங் அவரது ஓவியங்களைத் திருப்பி அனுப்பினார் என்றும், மைசூர் மகாராஜா அவற்றுக்குப் பதிலாக ரவி வர்மாவின் ஓவியங்களையே தேர்ந்தெடுத்தார் என்றும் சொல்வார்கள். 1938இல் உறவினரான மருத்துவர் விக்டர் ஈகானை மணந்தார். 1941இல் லாகூரில் தனிக் கண்காட்சிக்கு ஏற்பாடாகியிருந்த வேளையில் திடீரென நோயுற்று டிசம்பர் 5 அன்று இறந்தார், வயது 28. கண்காட்சி அவர் இல்லாமலேயே அம்மாத இறுதியில் நடந்தது.

1976இல் அவரது படைப்புகளை இந்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. இந்தியாவிலுள்ள ஓவியங்களை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. 2007இல் லண்டன் டேட் மாடர்னில் பெரிய கண்காட்சி நடந்தது. 2023 செப்டம்பரில் அவரது ‘கதைசொல்லி’ ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ‘பிரம்மச்சாரிகள்’, ‘மணமகள் அலங்காரம்’ உள்ளிட்ட பெருந்தொகுப்பு புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது.