லிந்துலையின் பிரசவ அறைகள்

1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தில் ஒரு சிறிய பிரிவு உண்டு. தோட்டத்தில் பிள்ளை பெறும் ஒவ்வொரு தொழிலாளிப் பெண்ணுக்கும் முப்பது நாட்களுக்குப் போதிய உணவும் உறைவிடமும் தரப்பட வேண்டும். உடல் தகுதி பெற்றுவிட்டாள் என்று மருத்துவ அலுவலர் சான்று தந்தாலன்றி அதுவரை அவளை வேலைக்கு அழைக்கக்கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பும் ஊட்டமும் கூட அதே சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆசியாவின் ஒரு மலை மூலையில், எழுத்தளவில் இது சிறிய விடயமன்று. ஆனால் இந்தக் கடமை யாருடையது என்று பாருங்கள். அரசாங்கத்தினுடையதல்ல, தோட்டத் துரையினுடையது. மலையகத் தாய்மார்களின் நூறாண்டுத் துயரத்தை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ-7 வீதியில் அமைந்தது லிந்துலை. மட்டுக்கலை, பம்பரகலை, மெராயா, நாகசேனை, அதற்கப்பால் அக்கரப்பத்தனை என்று பள்ளத்தாக்கு முழுவதும் தேயிலைதான். கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து பருவம் முடிய ஊர் திரும்பிய ஆண்களே பெரும்பான்மையினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, அதன் இடத்தில் தேயிலை வந்தபோது நிலைமை மாறியது. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதைக் கிள்ளப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும். குடும்பம் வந்தால் லயத்துக் காம்பராவில் பிரசவம் நடக்கும். தோட்டக் கணக்குப் புத்தகத்தில் கருவுற்ற பெண் இடம்பிடித்தது இப்படித்தான்.

அந்தப் பெண்களைக் கொன்றது எது? பிரசவத்தின் பின்னான இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, வலிப்பு என்று மருத்துவர்கள் மூன்றைச் சொல்வார்கள். மலையகத்தில் இவற்றுக்குப் பின்னால் இன்னொன்று மறைந்திருந்தது: கொக்கிப்புழு. 1916இல் ரொக்ஃபெலர் அறக்கட்டளையின் உதவியுடன் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, சோதிக்கப்பட்ட தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்தப் புழு காணப்பட்டது. மலங்கழித்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியே நுழைந்து, குடலில் தங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் குடிக்கும். ஏற்கனவே சோகை பிடித்த உடல் பிரசவ நேரத்து இரத்த இழப்பைத் தாங்காது. மருத்துவிச்சி எவ்வளவு திறமையானவளாயினும் அந்த நேரத்தில் அவளால் செய்யக்கூடியது சொற்பம்.

ஆகவே, லிந்துலையில் ஒரு தாயைக் காப்பாற்ற மலகூடம் கட்டும் மேசனும் வேண்டும். காலணியும் இரும்புச்சத்தும் வேண்டும். புழுமருந்து, கூலி, பாதை, வைத்தியர் எல்லாமே வேண்டும். ஒருங்கிணைந்த தாய்மை நலம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவது இதைத்தான். சுரத்தால் தாழ்நிலத் தாய்மார்கள் மடிந்த காலத்தில், இந்த உயரத்தில் மலேரியா பெருஞ்சிக்கலாக இருக்கவில்லை என்பது மட்டுமே இப்பள்ளத்தாக்குக்கு வாய்த்த சலுகை.

தோட்டங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவது நேர்மையாகாது. டிஸ்பென்சரி இருந்தது, மருந்துக்காரர் இருந்தார், பெரிய தோட்டங்களில் பிரசவ அறையும் தோட்ட மருத்துவிச்சியும் இருந்தனர். கொழுந்து மலையிலிருந்து தாய் இறங்கி வந்து பாலூட்டிச் செல்லப் பிள்ளைக்காம்பரா இருந்தது. 1939இன் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், இத்தகைய ஏற்பாடுகளை வழங்கும் தோட்டங்கள் பேறுகாலப் பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளவும் இடமளித்தது. அந்தப் பணமும் நாட்கூலியின் அளவில்தான். 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். உணவு குறைந்தால் முதலில் குறைவது யாருடைய தட்டில் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் தோட்டத்துக்கு வெளியே வேறொரு வரலாறு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. குறிப்பிட்ட மக்கள் தொகைக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சிகள், துப்புரவுப் பரிசோதகர்கள். நோய் வந்தபின் பார்ப்பதும் வராமல் தடுப்பதும் ஒரே கையில் சேர்ந்தன. 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்த நாடு இலங்கை. 2010களில் அந்த எண் பெரும்பாலும் முப்பதுகளில் நின்றது. உலகமே பாடமாகக் கொள்ளும் சாதனை. அந்தச் சாதனையின் நடுவே தோட்டப்புறம் ஒரு தீவாக விடப்பட்டது ஏன்?

நான் கண்ட விடை அரசியலில் இருக்கிறது. 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அவரோடு மலையகத்திலிருந்து சென்றவர்கள் எழுவர். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. கிராமத்து உறுப்பினர் தம் வாக்காளருக்காக வைத்தியசாலை கேட்டார், மருத்துவிச்சி கேட்டார், பெற்றார். லிந்துலைக்காகக் கேட்க எவருக்கும் தேவையில்லாது போயிற்று. தோட்டத்தவரைத் தோட்டமே பார்த்துக்கொள்ளும் என்ற 1912இன் தர்க்கம் சுதந்திர நாட்டிலும் தொடர்ந்தது. ஒரு காலத்தில் பிரசவ அறை கொண்டிருந்த தோட்டத்தை, அது இல்லாதிருந்த கிராமம் ஓரிரு தலைமுறைக்குள் முந்திச் சென்றது.

1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென எழுதியது. நாடற்றவர் என்ற நிலையில் நின்ற மக்களுக்கு நீண்டகால மருத்துவத் திட்டம் வகுக்க யார் முன்வருவார்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுக்கு மாறின. இடையே 1973–74இன் பஞ்சம். அக்காலத்துப் பட்டினிச் சாவுகளைப் பற்றி மூத்த பத்திரிகை நண்பர்கள் என்னிடம் சொன்னவற்றை இங்கே எழுத மனம் வரவில்லை. 1984 வேலைநிறுத்தத்தின் பின்னரே பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குச் சமமானது. தாய்நல வரலாற்றில் இதையும் ஒரு மருத்துவச் சிகிச்சையாகவே நான் கணக்கிடுகிறேன்.

மாறாக, ஒரே ஒரு சேவை மட்டும் தோட்டத்தை வேகமாகச் சென்றடைந்தது. அது கருத்தடைச் சத்திரசிகிச்சை. 1980 முதல் அதற்கு ஊக்கப்பணமும் தரப்பட்டது. நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் வீதம் தோட்டத்துறையில் தேசிய சராசரியை விடத் தெளிவாக உயர்ந்திருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இதைத் திட்டமிட்ட இன அழிப்பு என்று ஒரே வரியில் முடிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. பல பெண்கள் தாமாக விரும்பியே சென்றார்கள். ஆனால் மாத்திரை, ஊசி, வளையம் என்று தெரிவுகளை விளக்கித் தமிழில் பேச ஒருவருமின்றி, லொறியில் கூட்டாக ஏற்றிச் சென்று பெறப்பட்ட சம்மதத்தை முழுச் சம்மதம் என்று கொள்ளவும் இயலாது.

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி அதே பத்தாண்டில் தொடங்கி இழுபட்டுச் சென்றது. அக்காலத்தில் செய்தி சேகரிக்க இப்பக்கம் சென்ற நாட்களில் நான் கண்டது, ஒரே கர்ப்பிணியை இரு நிர்வாகங்கள் பங்கிட்டுக்கொண்டிருந்த காட்சி. தோட்ட மருத்துவிச்சி கம்பனிக்கு உரியவள். குடும்பநல உத்தியோகத்தர் சுகாதார அமைச்சுக்கு உரியவர். கர்ப்பிணியின் அட்டை ஒருவரிடம், வாகனம் மற்றவரிடம். இரவில் வலி கண்டால் கொழுந்து லொறிதான் அம்புலன்ஸ். தமிழ் பேசும் உத்தியோகத்தர் கிடைப்பதும் அரிது. உயர்தரம் கற்பிக்கும் பாடசாலைகள் தோட்டப்புறத்தில் குறைவாக இருந்ததன் விளைவு அது. பள்ளிக்கூடத்தின் குறை பிரசவ அறையில் வந்து நின்றது.

நல்லவையும் நடந்திருக்கின்றன. 1985 முதல் ஒவ்வொரு மகப்பேற்று மரணமும் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டியதாயிற்று. மகப்பேற்று நிபுணர், சுகாதார வைத்திய அதிகாரி, மருத்துவிச்சி ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து அந்த மரணத்தின் ஒவ்வொரு மணிநேரத்தையும் ஆராய்கிறார்கள். பாதை ஏன் தாமதித்தது, இரத்தம் ஏன் கிடைக்கவில்லை என்பன அங்கே கேட்கப்படுகின்றன. லிந்துலையில் இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை உண்டு. லயத்துக் காம்பராவில் பிரசவம் என்பது ஏறக்குறைய இல்லாது போய்விட்டது. 2017 மே மாதத்தில் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடம் இந்திய உதவியில் திறக்கப்பட்டது. மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கு மேலும் 42 நாட்களே என்றிருந்த பேறுகால விடுப்பை 2018இன் திருத்தச் சட்டம் எல்லாப் பிரசவத்துக்கும் 84 நாட்களாக்கியது.

ஆயினும் 2016இன் தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளவில் 17 வீதம்; தோட்டத்துறையில் 32 வீதம். குட்டையாக வளர்ந்த சிறுமி இடுப்பெலும்பு ஒடுங்கிய தாயாகிறாள். அவள் பெறும் பிள்ளையும் எடை குறைந்தே பிறக்கிறது. வைத்தியசாலையில் பிரசவம் பத்திரமாக முடிகிறது. தாயும் சேயும் திரும்பிச் செல்வது அதே லயத்துக்கு, அதே குழாயடிக்கு, அதே நாட்கூலிக்கு.