மருந்தே நோயான நாள்

1990 ஜனவரி 15, திங்கட்கிழமை. பிற்பகல் இரண்டரை மணியளவில், நியூ ஜெர்சியிலுள்ள ஏடி அண்ட் டி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத் திரைகளில் எச்சரிக்கைகள் பெருகத் தொடங்கின. அமெரிக்காவின் நெடுந்தூர அழைப்புகளைச் சுமந்த 114 இணைப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின, சில விநாடிகளில் மீண்டன, மறுபடியும் முடங்கின. ஒன்பது மணி நேரம் இது நீடித்தது. அழைப்புகளில் ஏறத்தாழப் பாதி போய்ச் சேரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த இணைப்பகங்கள் தம்மைத் தாமே குணப்படுத்திக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. நியூ யோர்க்கில் ஒன்றுக்குச் சிறு கோளாறு வந்தது. விதிப்படி, புதிய அழைப்புகளை அனுப்ப வேண்டாமென அயல் இணைப்பகங்களுக்குச் சொல்லிவிட்டு, சில விநாடிகளில் தன்னைச் சரிசெய்துகொண்டு திரும்பியது. திரும்பியதும் தேங்கிய அழைப்புகளை அனுப்பியது. அதைக் கண்ட அயலவை 'இது நலமாகிவிட்டது' என்று தம் ஏட்டில் பதியத் தொடங்கின. பதிந்து முடிப்பதற்குள், நூறில் ஒரு விநாடி இடைவெளியில், அடுத்த செய்தி வந்தது. முந்தைய மாதம் ஏற்றப்பட்ட புதிய மென்பொருளில் ஒரு கட்டளை இடம் தவறியிருந்ததால், அந்த இரண்டாவது செய்தி நினைவகத்தைக் குழப்பியது. அயலவையும் நோயுற்றன; தம்மைக் குணப்படுத்தின; திரும்பிவந்து தம் அயலவைக்கும் அதையே செய்தன. எல்லாவற்றிலும் ஓடியது ஒரே மென்பொருள் என்பதால், தப்பிக்க எதுவும் மிஞ்சவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது. கடைசியில் பொறியாளர்கள் செய்திப் போக்குவரத்தைக் குறைத்த பிறகே வலையமைப்பு அடங்கியது.

இதே உத்தி இருபது ஆண்டுகளுக்கு முன் உயிர் காத்திருந்தது. 1969 ஜூலை 20 அன்று, அப்பல்லோ 11 நிலவில் இறங்குகையில் அதன் கணினி வேலைப்பளு தாங்காமல் '1202' என எச்சரித்தது. எம்ஐடியில் ஹால் லேனிங் வகுத்த முறைப்படி, அது தன்னை மீளத் தொடக்கி, முக்கியமற்ற பணிகளைக் கைவிட்டு, கலத்தை வழிநடத்துவதை மட்டும் விடாமல் தொடர்ந்தது.

அங்கே கணினி தனித்திருந்தது. எதைக் கைவிடலாம் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. 1990இல் ஒவ்வோர் இணைப்பகமும் தன் நலனை மட்டுமே பார்த்தது. தான் எழுந்து நிற்பது பக்கத்திலிருப்பதை என்ன செய்யும் என்று அதற்குக் கற்பிக்கப்படவில்லை.

2001இல் ஐபிஎம் இத்தகைய மென்பொருளுக்கு, நாம் நினையாமலே இதயத்தை இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தை உவமையாக்கியது. இன்றைய அமைப்புகள் விழுந்தவுடன் முண்டியடித்து எழுவதில்லை; சற்றுக் காத்திருந்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டே எழுகின்றன.