பேசிய படங்களும் பூட்டிய சாட்சியங்களும்

1885ஆம் ஆண்டில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட், ஆப்பிரிக்காவின் காங்கோவைத் தமது தனியுடைமையாக்கிக்கொண்டார். ‘காங்கோ சுதந்திர நாடு’ எனவும் பெயரிட்டார். ரப்பர் வணிகம் பெருகவே, ஊர்தோறும் கட்டாய அளவு விதிக்கப்பட்டது. அளவு குறைந்தால் பெண்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டனர்; ஊர்கள் எரிக்கப்பட்டன. செலவழித்த தோட்டாவுக்குக் கணக்காக, கொல்லப்பட்டவரின் கையை வெட்டிக் கொணரும் கொடுமையும் நிலவியது.

இக்கொடுமையை உலகறியச் செய்தோருள் ஜான் ஹாரிஸ், ஆலிஸ் சீலி ஹாரிஸ் தம்பதியர் குறிப்பிடத்தக்கோர். ஆங்கிலேய கிறித்தவ ஊழியர்களான இவர்கள் 1898இல் மணமுடித்து, அவ்வாண்டே காங்கோ சென்றனர். அபிர் என்னும் ரப்பர் நிறுவனத்தின் ஆதிக்கத்திலிருந்த பாரிங்காவில் பணியாற்றினர். 1904 மே மாதத்தில் என்சாலா என்பவர் இலைப்பொதி ஒன்றுடன் அங்கு வந்தார். நிறுவனக் காவலர்களால் கொல்லப்பட்ட அவருடைய சிறு மகள் போஆலியின் கையும் காலுமே அதனுள் இருந்தன. அவற்றை நோக்கியவாறு அவர் அமர்ந்திருந்த நிலையை ஆலிஸ் படமெடுத்தார்.

அதே ஆண்டு இதழாளர் எட்மண்ட் மோரல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். தாயகம் திரும்பிய தம்பதியர் அச்சங்கத்திற்காக உழைத்தனர்; படங்களைத் திரையில் காட்டி, இரண்டாண்டுகளில் சேர்ந்தும் தனித்தும் ஏறத்தாழ 600 கூட்டங்களில் உரையாற்றினர்.

எதிர்ப்பு வலுக்கவே, மன்னரே விசாரணைக் குழுவொன்றை அமைக்க நேர்ந்தது. அக்குழுவின்முன் லொன்டுலு என்னும் ஊர்த்தலைவர் 110 குச்சிகளை அடுக்கிவைத்தார். ஒவ்வொன்றும் ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் மக்களில் ஒருவரைக் குறித்தது. 1905இல் வெளிவந்த குழுவின் அறிக்கை கொடுமைகள் உண்மையென ஒப்புக்கொண்டது. எனினும், ஆப்பிரிக்கர் அளித்த வாக்குமூலங்கள் அதில் இடம்பெறவில்லை. பிரஸ்ஸல்ஸ் ஆவணக் காப்பகத்தில் முடங்கிய அவை, 1980களில்தான் ஆய்வாளர்க்குக் கிட்டின.

இங்குதான் தம்பதியர் பணியின் தனிச்சிறப்பு விளங்குகிறது. அரசு அறிக்கை கொடுமையைப் பொதுவாகக் கூறி, பாதிக்கப்பட்டோரின் குரலை மறைத்தது. ஆலிஸின் படமோ, இன்ன ஊரில் இன்னார் மகள் கொல்லப்பட்டாள் என்று பெயர் சுட்டி உரைத்தது. ‘பொய்ப் பரப்புரை’ எனத் தள்ளிவிட இயலாத சான்று அது.

1908இல் காங்கோ மன்னரின் பிடியிலிருந்து பெல்ஜிய அரசின் ஆட்சிக்கு மாறியது. கட்டாய உழைப்பு அத்துடன் ஒழியவில்லை. விடுதலை 1960இல்தான் வந்தது. ஜான் 1933இல் ‘சர்’ பட்டம் பெற்றார். ஆலிஸ் 1970வரை வாழ்ந்தார். இவர்களைப் போற்றும் வரலாறு என்சாலாவையும் லொன்டுலுவையும் உடன்வைத்தே எழுதப்பட வேண்டும். இழந்தவர்கள் அவர்கள், கொடுங்கோலர் கைக்கெட்டும் தொலைவிலேயே வாழ்ந்துகொண்டு முதலில் சாட்சி பகர்ந்தவர்களும் அவர்களே.